அறபு ஓதிய தமிழ்

நமது அறபுக் கல்லூரிகளைப் பற்றி இரண்டு குறைகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஏழு வருடம் விடுதியில் தங்கி ஓதிப் பட்டம் பெற்ற மௌலவியால் ஓர் அறபியோடு ஐந்து நிமிடம் பேச முடிவதில்லை என்பது ஒன்று. அதே மௌலவிக்குத் தமிழிலே ஒரு பக்கம் பிழையின்றி எழுத வராது என்பது மற்றையது. முதற் குறையைச் சொல்வோர், விடுதியில் தமிழ் பேசுவதைத் தடை செய்துவிட்டால் அறபு தானாக நாவில் ஏறிவிடும் என்பர். இரண்டாவது குறையைச் சொல்வோர், வாரத்தில் தமிழுக்கு இரண்டு பாடவேளை கூட்டினால் போதும் என்பர். இரு சாராருக்கும் அறபும் தமிழும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றையது இறங்கும்.

நான் ஏழு வருடம் ஓதியவன். அதன் பின் முப்பது வருடத்துக்கு மேலாக ஓதிக் கொடுப்பவன். நான் கண்டது வேறு. எங்களுக்கு அறபு விளங்கிய இடங்களில் எல்லாம் தமிழும் எங்கள் ஊர் வாழ்க்கையும் பக்கத்தில் நின்றன. விளங்காமல் போன இடங்களில் அவை இரண்டும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

1976ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து தென்னிலங்கையின் அறபுக் கல்லூரியொன்றுக்கு ஒரு தகரப் பெட்டியோடு போனேன். எனக்கு அறபு தெரியாது என்றுதான் வாப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டிலே நாளாந்தம் புழங்கிய சொற்களை எண்ணிப் பாருங்கள். மௌத்து, ஹயாத்து, நிய்யத்து, நஸீபு, பறக்கத்து, முஸீபத்து, ஹக்கு, ஹதியா, வஸிய்யத்து, ஹஸது, ஸபர், கபுறு, அமானிதம். என் மூத்தம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவர். இவை அத்தனையும் அவர் வாயில் இருந்தன. அறபுக் கல்லூரிக்குப் போகும் எந்த முஸ்லிம் பிள்ளையும் வெறுங்கையோடு போவதில்லை. அவன் கொண்டு வந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைக்க யாருமில்லை என்பதுதான் விடயம்.

எங்கள் முதலாம் வருடம் முழுவதும் ஸர்ஃபு. ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் வரிசையாக அமர்ந்து, ஒரு வினைச்சொல்லின் பதினான்கு உருவங்களையும் உடம்பை முன்னும் பின்னும் அசைத்தபடி பாடமாக்குவோம். இருமை என்ற ஒன்று தமிழில் இல்லை. இரண்டு பேர் செய்வதற்கு ஏன் தனி உருவம் என்று எவரும் கேட்கவுமில்லை, எவரும் சொல்லவுமில்லை. நஹ்வுக்கு வந்தால் ஸைதும் அம்றும். ஸைது அம்றை அடித்தான். அம்று ஸைதால் அடிக்கப்பட்டான். ஸைதும் அம்றும் நின்றார்கள். ஏன் அடித்தான் என்பது கடைசிவரை தெரியாது. விடுதியில் இரண்டு பேர் சண்டை பிடித்தால், "ஸைது இண்டைக்கும் அடிச்சிட்டான்" என்று சிரிப்போம். ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாக அறபு இலக்கணத்தைச் சுமந்து வரும் அந்த இரண்டு பெயர்களுக்கும் முகமில்லை, ஊரில்லை, தொழிலில்லை.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் நஹ்வு ஓதித் தந்த ஹஸ்ரத் ஒரு கல்யாண அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அதில் மணமகனின் வாப்பாவுடைய பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று இருந்தது. அதன் பொருள் என்ன என்று கேட்டார். 'மௌத்தானவர்' என்று ஒரே குரலில் சொன்னோம். ஹஸ்ரத் கரும்பலகையில் ற, ஹ, ம என்ற மூன்று எழுத்துகளை எழுதினார். றஹ்மத்து, றஹ்மான், றஹீம், அதன் பின் மர்ஹூம். செய்யப்பட்டவரைக் குறிக்கும் இஸ்முல் மஃப்ஊல் அது; றஹ்மத்துச் செய்யப்பட்டவர். மரணம் என்ற கருத்து அச்சொல்லில் எங்குமே இல்லை. எங்கள் ஊர்கள் அதை ஒரு துஆவாக எடுத்து மையித்துக்குப் பெயராக வைத்திருக்கின்றன. ஒரு வருடமாக மனனம் செய்த அட்டவணைக்கு உயிர் வந்தது அன்றுதான். அதற்குப் பிறகு நாங்கள் வீட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கத் தொடங்கினோம். ஸுஜூதும் மஸ்ஜிதும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஹராமும் இஹ்ராமும் முஹர்ரமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

கிதாபு ஓதும் முறையிலும் தமிழ் இருந்தது. அறபு வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிப் போவார்கள். எழுவாயாக நிற்கும் பெயருக்கு 'ஆனவன்' என்றும் செயப்படுபொருளுக்கு 'ஐ' என்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். "அடித்தான், ஸைதானவன், அம்றை." இதைக் கேட்டுச் சிரிக்காத தமிழாசிரியர் இல்லை. இது தமிழா என்று கேட்பார்கள். எங்கள் ஹஸ்ரத்மாரின் பழைய அறபுத் தமிழ்க் கிதாபுகளின் உரைநடையிலும் இந்த 'ஆனவன்' நிறைந்திருக்கும். நாங்களும் வெட்கப்பட்டோம்.

பல வருடங்களின் பின்னர் ஜாவாத் தீவின் பெஸந்த்ரேன் என்னும் விடுதி மத்ரசாக்களைப் பற்றி வாசித்தபோது ஒரு செய்தி என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. அங்கே 'மஞ்சள் கிதாபுகள்' என்று அழைக்கப்படும் நூல்களை ஓதும்போது, ஒவ்வோர் அறபுச் சொல்லின் கீழும் ஜாவா மொழிப் பொருளை அறபெழுத்தில் சாய்வாக எழுதுவார்களாம். வரியின் கீழே தாடி போலத் தொங்குவதால் அதற்கு அப்படியொரு பெயரும் உண்டு. முப்ததாவுக்கு 'உத்தாவி' என்று ஒரு சொல், கபருக்கு 'இக்கு', ஃபாஇல் மனிதராயின் 'ஸோப்போ', மஃப்ஊலுக்கு 'இங்'. எங்கள் 'ஆனவன்', 'ஐ' செய்யும் அதே வேலை! சுக்கூனும் ளம்மும் ஃபத்ஹும் இட்டுக் காட்டாத ஒரு பக்கத்தை எடுத்து, எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று மாணவன் தீர்மானித்துவிட்டானா என்பதை உஸ்தாத் அவனது தாய்மொழி உருபிலேயே கேட்டு அறிந்துகொள்கிறார். இந்து சமுத்திரத்தின் இரு கரைகளிலும், ஷாபிஈ மத்ஹபின் நூல்களை ஓதிய இரண்டு சமூகங்கள் தத்தம் மொழியை இலக்கணக் கருவியாக வளைத்திருக்கின்றன. அது கொச்சைத் தமிழ் அல்ல. மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஓர் ஆயுதம்.

அந்த ஆயுதத்தின் மற்றைய பாதி அறபுத் தமிழ் எழுத்து. தமிழ் நெடுங்கணக்கால் அறபை எழுதும்போது என்ன நேர்கிறது என்பதற்கு 'கல்பு' ஒன்றே போதும். பெரிய காஃபினால் எழுதினால் அது இதயம். சிறிய காஃபினால் எழுதினால் நாய். தமிழில் இரண்டும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கேட்கும் குத்பா, நூல்களைக் குறிக்கும் குதுபு, இறைநேசரைக் குறிக்கும் குத்பு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழ் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே 'கு'. தமிழுக்கென்றுள்ள ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு அறபெழுத்தில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, தமிழை அறபெழுத்தில் எழுதிய நம் முன்னோர் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து தீர்த்தனர். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து இலங்கைக்கும் பலமுறை வந்து போன மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற கிதாபுகளை நம் பெண்கள் வீட்டில் இருந்தபடியே ஓதினர். ஓதற்பள்ளியில் குர்ஆனின் எழுத்தைப் படித்த ஒரு பெண்ணுக்குத் தமிழ் நூல் ஒன்றை வாசிக்க வேறு எழுத்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை. நான் ஓதிய காலத்திலேயே அது மங்கிவிட்டிருந்தது. இன்று எங்கள் மாணவர்களில் அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்றைத் தடையின்றி வாசிக்கக் கூடியவரைத் தேட வேண்டியிருக்கிறது.

மவ்லிதும் புர்தாவும் இந்த வரிசையில் சேரும். அவை கூடுமா கூடாதா என்பது இக்கட்டுரையின் விவாதம் அல்ல. றபீஉனில் அவ்வல் பன்னிரண்டு நாளும் ஸுப்ஹான மவ்லிது கேட்டு வளர்ந்த பிள்ளையின் காதிலே அறபுச் செய்யுளின் ஓசையும் சொல்லிறுதியின் மாற்றமும் ஏறியிருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். அதை நிறுத்தியவர்கள், அந்தக் காதுப் பழக்கத்துக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

இனி மறுபக்கம். கிதாபு பேசும் உலகம் எங்களுக்கு அந்நியமாக இருந்த சந்தர்ப்பங்கள் ஏராளம். ஸகாத்துப் பாடத்தில் ஒட்டகங்கள் வரும். ஐந்து ஒட்டகத்துக்கு ஓர் ஆடு. இருபத்தைந்துக்கு ஒரு வயது நிறைந்த பெண் ஒட்டகக் கன்று. ஒட்டகத்தின் வயதுக்கொரு பெயர். ஒட்டகத்தைக் கண்ணால் கண்டிராத உஸ்தாத், கண்டிராத மாணவர்களுக்கு அதை ஓதித் தந்தார். நாங்கள் மனனமிட்டோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம்.

அடுத்த பகுதி விளைபொருளின் ஸகாத். வானம் நனைத்ததற்குப் பத்தில் ஒன்று, 'நள்ஹு' கொண்டு நனைத்ததற்கு இருபதில் ஒன்று. நள்ஹு என்றால் ஒட்டகத்தை வைத்துக் கிணற்று நீர் இழுப்பது என்று ஓரக்குறிப்பில் இருந்தது. மீண்டும் ஒட்டகம். ஹஸ்ரத் கிதாபை மூடினார். அவர் தென்பகுதிக்காரர், வயல் வேலை அறியாதவர்.

"கெழக்கால வந்த புள்ளகள் எழும்புங்க. உங்கட ஊருல வெள்ளாமைக்குத் தண்ணி எப்பிடி வார?"

நாங்கள் நான்கு பேர் எழுந்தோம். பெரும்போகம் மாரி மழையோடு போகும் என்றோம். சிறுபோகத்துக்குக் கல்லோயா வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள் என்றோம். தோட்டத்துக்கு என்றால் துலாவால் இறைப்போம் என்றான் ஒருவன். துலா எப்படியிருக்கும் என்று ஹஸ்ரத் கேட்க, அவன் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினான். ஹஸ்ரத் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுதான் நள்ஹு. ஒட்டகத்த உடுங்க. ஆள் மெனக்கெட்டு இறைச்சா இருபதுல ஒண்டு. தானா ஓடி வந்தா, மழையா இருந்தாலும் வாய்க்காலா இருந்தாலும் பத்துல ஒண்டு."

அந்த வகுப்பில் நள்ஹு என்ற சொல்லை மறந்தவர் எவரும் இருக்க முடியாது. அதே பாடத்தில்தான் ஸூரத்துல் அன்ஆமில் அறுவடை நாளில் கொடுக்க வேண்டிய உரிமை பற்றி வரும் வசனமும் வந்தது. அங்குள்ள 'ஹஸாது' என்ற சொல்லுக்கு எங்களில் ஒருவன் 'பொறாமை' என்றான். வீட்டிலே 'ஹஸது' கேட்டு வளர்ந்தவன் அவன். ஹஸ்ரத் ஏசவில்லை. ஸாதுக்கும் ஸீனுக்கும், நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு சோடியை வைத்தே விளக்கினார். "களவெட்டியில நெல்லு குவியிறது ஹஸாது. அதப் பாத்து அடுத்த வீட்டான்ட மனசுல குவியிறது ஹஸது" என்றார். இதைவிடச் சிறந்த ஒலியியல் பாடத்தை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை.

சில சமயம் தமிழ் அறபுக்கு மிக அருகில் வந்து நிற்கும். குர்ஆனில் வரும் 'குர்ரத்து அஃயுன்' என்ற தொடரை எடுங்கள். மனைவி மக்களைக் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கும்படி கேட்கும் துஆவில் அது வருகிறது. குளிர்நாட்டு மொழிகளில் அன்பும் வரவேற்பும் வெப்பமானவை. அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் இத்தொடருக்கு 'ஆறுதல்', 'மகிழ்ச்சி' என்று சுற்றி வளைக்க வேண்டியுள்ளது. தமிழருக்குக் 'கண்குளிர' என்பது அன்றாடப் பேச்சு. மகிழ்ந்ததைச் சொல்ல அறபியர் நெஞ்சிலே பனி பெய்தது என்பர். நாம் நெஞ்சு குளிர்ந்தது என்போம். மழையை றஹ்மத்து என்று குர்ஆன் சொல்கிறது. எங்கள் வெள்ளாமைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெயில் சுட்ட இரண்டு நிலங்களின் மொழிகள் இவை. ஆனால் தமிழ் இலக்கியத்தோடு எவ்விதப் பழக்கமும் இல்லாத ஒரு மாணவன், இந்த உறவைக் காணாமலே 'கண் குளிர்ச்சி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறான்.

அறபை நூலில் மட்டும் அறிந்தவனுக்கும் வாழ்க்கையில் மட்டும் அறிந்தவருக்கும் இடையில் எத்தனை தூரம் என்பதை எனக்குக் காட்டியது 1996இல் நடந்த ஒரு சம்பவம். எங்கள் ஊரிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனவர்கள் பலர். அவர்களில் ஒருவர், எனக்கு ராத்தா முறையானவர், ரியாத்தில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலை செய்து திரும்பினார். கடைசிப் பதினொரு மாதச் சம்பளம் தரப்படவில்லை. அறபிலே கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்.

ராத்தாவுக்கு ஓதற்பள்ளியில் படித்த குர்ஆன் ஓதல் தவிர எழுத்து வாசனை இல்லை. ஆனால் வீட்டுக்காரியோடு பேசியதை அப்படியே நடித்துக் காட்டினார். கரண்டிக்கும் அகப்பைக்கும் தும்புத்தடிக்கும் குழந்தையின் காய்ச்சலுக்கும் அவரிடம் சொல் இருந்தது. அந்தச் சொற்களில் பாதி எனக்குத் தெரியாது. நான் அறிந்த அறபில் வீடு இருந்தது, சமையலறை இருக்கவில்லை. நான் ஹம்து ஸலவாத்தோடு தொடங்கி, 'உஜ்றத்' என்ற ஃபிக்ஹுச் சொல்லால் கூலியைக் குறித்து, வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸின் கருத்தையும் சேர்த்து எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"மௌலவி, எல்லாம் நல்லம். ஆனா சம்பளத்துக்கு அவங்க 'ராத்திபு' எண்டுதான் சொல்லுவாங்க. அத எழுதுங்க."

ராத்திபு! எங்கள் ஊரில் ராத்திபு என்றால் வியாழன் இரவு பள்ளிவாசலில் வட்டமாக அமர்ந்து ஓதும் திக்ரு. முறையாகத் திரும்பத் திரும்ப வருவது என்பது அச்சொல்லின் அடி. வாராவாரம் ஓதுவதும் அதுதான், மாதாமாதம் தர வேண்டியதும் அதுதான். ஹஸ்ரத் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பார். ஹதீஸை நான் வைத்தேன், ராத்திபை ராத்தா வைத்தார், கடிதம் போயிற்று. ஆறு மாதச் சம்பளம் வந்தது. மீதி ஐந்து மாதச் சம்பளம் வரவேயில்லை. அவரது அறபும் எனது அறபும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால், அந்த வீட்டில் இருக்கும்போதே அவர் தனது ஹக்கை எழுதிக் கேட்டிருப்பார் என்று இன்றும் நினைப்பதுண்டு.

புதிய முறைகள் வராமல் இல்லை. 1973இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் ஏனைய துறைகளையும் இணைத்துப் புதிய வழி காட்டியது. வாணியம்பாடியில் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்த கலாநிதி வி. அப்துர் ரஹீம் (1933-2023) எழுதிய 'துரூஸுல் லுகத்தில் அறபிய்யா' உலகெங்கும் ஓதப்படுகிறது. சுட்டிக் காட்டக் கூடிய வீட்டையும் பள்ளியையும் கொண்டு தொடங்கி, இலக்கணத்தைப் பெயர் சொல்லாமலே ஊட்டும் அந்நூலின் ஆசிரியர் அறபு நாட்டவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அறபல்லாத பிள்ளை எங்கே தடுக்குவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிழக்கு ஜாவாவில் 1926இல் உருவான கொந்தோர் விடுதி மாணவர்களை அறபும் ஆங்கிலமும் பேச வைத்துப் பெயர் பெற்றது. தமிழைத் தடை செய்யச் சொல்வோர் அதை உதாரணம் காட்டுகின்றனர். ஆனால் அங்கும் பிள்ளைகள் பேசும் அறபின் வாக்கிய அமைப்பிலே இந்தோனேசியம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. தாய்மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைய எந்தப் பிள்ளையாலும் இயலாது.

நம்மிடம் நடந்தது வேறொன்று. அறபு மொழி வருவதற்கு முன்னரே அறபு உடை வந்துவிட்டது. விமான நிலையத்திலும் ஹோட்டலிலும் நடக்கும் உரையாடல்களை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். 'ஆனவன்' போய்விட்டது, அறபுத் தமிழ் போய்விட்டது; அவ்விடத்துக்கு வந்ததோ இன்னும் வேரூன்றவில்லை.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் இந்நாட்டில் அறபெழுத்தே அச்சத்துக்குரியதாயிற்று. பெயர்ப்பலகைகளிலிருந்து அது அழிக்கப்பட்டது. வீட்டில் இருந்த கிதாபுகளை என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. அறபு நேற்று வந்திறங்கிய அந்நியப் பொருள் என்று பிறர் சொன்னபோது, அப்படியல்ல என்று காட்ட நம் கையில் என்ன இருந்தது? காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் 1409ஆம் ஆண்டின் கல்வெட்டில் சீனமும் தமிழும் அறபெழுத்தில் எழுதிய பாரசீகமும் ஒரே கல்லில் இருக்கின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழும் அந்த எழுத்தும் இந்த மண்ணில் அருகருகே இருந்துள்ளன. அதைச் சொல்ல வேண்டிய நாம், அறபுத் தமிழை நாமே கைவிட்டிருந்தோம். மூத்தம்மாவின் சொற்களைப் பாமரச் சொற்கள் என்று ஒதுக்கியிருந்தோம்.

அறபுக் கல்லூரிகளின் பாடவிதானத்தைத் திருத்துவோருக்கு மூன்று விடயங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன். முதலாவது, தமிழை மொழிபெயர்ப்புக்கான கூலியாளாக வைக்காமல் இலக்கியமாகவும் இலக்கணமாகவும் கற்பிக்க வேண்டும். வேற்றுமை அறியாதவனுக்கு இஃராபு விளங்காது. இரண்டாவது, அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்றையேனும் ஒவ்வொரு மாணவனும் ஓதி முடிக்க வேண்டும். மூன்றாவது, ஸைதுக்கும் அம்றுக்கும் ஓர் ஊரும் ஒரு தொழிலும் கொடுக்க வேண்டும். அவர்கள் வலை இழுக்கட்டும், சூடு அடிக்கட்டும், கடை வைக்கட்டும்.

நான் எனது வகுப்பில் புதிய மாணவர்களுக்கு முதல் வாரம் எந்தக் கிதாபையும் கொடுப்பதில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போய், உம்மாவும் மூத்தம்மாவும் பேசும் அறபுச் சொற்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்கிறேன். கடந்த வருடம் ஒரு பிள்ளை எண்பத்து மூன்று சொற்கள் கொண்டு வந்தான். அவற்றில் 'அமானிதம்' ஒரு மூலையிலும் 'ஈமான்' வேறொரு மூலையிலும் இருந்தன. இரண்டையும் உடைத்து அலிஃப், மீம், நூன் என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்னர் பெட்டிக்கடை வைத்திருக்கும் தன் வாப்பா, அடுத்தவர் கொடுத்து வைத்த காசைத் தனிப் பேணியில் போட்டு அமானிதம் என்று எழுதி வைத்திருப்பதைச் சொன்னான். "அப்ப அந்தப் பேணியும் ஈமான்தானே ஹஸ்ரத்?" என்று கேட்டான். அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்தினேன்.